நான்கு நாள் பாஸ்

“சித்தி, இது உங்கட பாஸ். கவனமா வைச்சிருங்கோ” என்று சொல்லி எனது பெறாமகள் ஒரு கடதாசியை என்னிடம் நீட்டியபோது, ஒரு கணம் கையை நீட்டாமலே நின்றுவிட்டேன். அவள் சுவிற்சர்லாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவளுக்குப் பாஸ் என்றால் ரயில் பாஸ்தான். வேறு பொருள் எதுவும் அவளுக்குத் தெரியாது.

எங்களுக்கு அந்தச் சொல் எப்படிப்பட்டது என்பதை இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1999 ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. எனது கண்ணைக் காட்டுவதற்காக அம்மா என்னை வன்னியிலிருந்து வவுனியாவுக்குக் கூட்டிச் சென்றார். வெளிக்கிட ஒரு பாஸ். அதற்குப் பிணை நிற்க ஆள் தேட வேண்டும். வவுனியாவில் தங்க இன்னொரு பாஸ். அதில் இத்தனை நாள் என்று எழுதியிருக்கும். அம்மா இரண்டையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். வழி நெடுகிலும் எனக்குச் சொல்லித் தந்துகொண்டே வந்தார். “ஆர் கேட்டாலும் கண் காட்ட வந்தனாங்கள் எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் சொல்லாதை.” எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையைப் பாடமாக்கிக்கொண்டுதான் நான் முதன்முதலாகப் பயணம் செய்தேன்.

2024 ஆம் ஆண்டு ஆனி மாதம் எனது மூத்த சகோதரியின் அழைப்பின் பேரில் ஒரு மாத விடுமுறையில் சுவிற்சர்லாந்துக்குச் சென்றிருந்தேன். அக்கா என்னிலும் பதினான்கு வயது மூத்தவர். 2000 ஆம் ஆண்டு திருமணமாகி அங்கே போனவர். அத்தான் ஆறு வருடங்களுக்கு முன்னர் மாரடைப்பால் காலமானார். பேர்ண் நகருக்கு அருகில் ஒரு சிறிய ஊரில் அக்காவும் மகளும் வசிக்கிறார்கள். ஏறத்தாழ 50,000 இலங்கைத் தமிழர் அந்த நாட்டில் வாழ்வதாகச் சொல்வார்கள். அக்காவின் ஊரில் எம்மவர் குடும்பங்கள் நாலைந்துதான்.

பெறாமகள் தனது முதற் சம்பளத்தில் எனக்கு அந்தப் பாஸை வாங்கியிருந்தாள். நான்கு நாட்களுக்கு இரண்டாம் வகுப்பில் 295 பிராங்க். அன்றைய மதிப்பில் எங்கள் காசுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் ரூபா! விலையைக் கேட்டதும் “திருப்பிக் குடு பிள்ளை” என்றுதான் முதலில் சொன்னேன். திருப்பிக் கொடுக்க முடியாது என்று அவள் சிரித்தாள். உண்மையோ பொய்யோ, நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மட்டுமே இந்தப் பாஸை வாங்கலாம். அங்கே வசிப்பவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். 3, 4, 6, 8, 15 நாட்கள் என்று எடுக்கலாம். அந்த நாட்களில் ரயில், மஞ்சள் நிறத் தபால் பஸ், ஏரியில் ஓடும் கப்பல், நகரங்களில் ஓடும் ட்ராம் எல்லாவற்றிலும் எத்தனை தரமும் ஏறி இறங்கலாம். 500 க்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் வேறு ரிக்கெற் வேண்டாம். உயரமான சில மலை ரயில்களுக்கு மட்டும் மேலதிகமாகக் கட்ட வேண்டும். 3,454 மீற்றர் உயரத்திலுள்ள யுங்பிராவ் நிலையத்துக்கு எல்லோரும் போய்ப் படம் எடுப்பார்கள். அதற்குக் கழிவு கிடைத்தாலும் மிச்சக் காசைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. பனியைத் தூரத்திலிருந்து பார்த்தேன், போதும்.

முதலாம் நாள் தனியாகச் சூரிச் போனேன். பேர்ண் புகையிரத நிலையத்தில் உள்ளே போவதற்குப் படலை இல்லை, ரிக்கெற் பார்த்து உள்ளே விடும் ஆளும் இல்லை. தெருவில் நடப்பதுபோல் நடந்து மேடைக்குப் போய்விட்டேன். யாராவது “ஏய்” என்று கூப்பிடுவார்கள் என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. மேடையில் ஒரு பெரிய வெள்ளை மணிக்கூடு. அதன் சிவப்பு வினாடி முள் பன்னிரண்டில் வந்ததும் கொஞ்சம் நின்று, பிறகுதான் புறப்படுகிறது. பழுதாக்கும் என்று நினைத்தேன். அது அப்படியே செய்யப்பட்டதாம். ஹன்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியியலாளர் 1944 இல் வடிவமைத்த மணிக்கூடு அது. சிவப்பு முள் பின்னர் சேர்க்கப்பட்டது. முள் சுமார் 58 வினாடியில் சுற்றி முடித்து, எல்லா மணிக்கூடுகளுக்கும் ஒரேநேரத்தில் வரும் சைகைக்காகக் காத்து நிற்கும்.

ரயில் புறப்பட்டுச் சிறிது நேரத்தில் பரிசோதகர் வந்தார். நீலச் சீருடை, இடுப்பில் கருவி. சீருடையைக் கண்டதும் என் கை தானாகவே பைக்குள் போயிற்று. கடதாசியைக் கொடுத்தேன். அதிலிருந்த கட்டக் கோட்டைக் கருவியால் படித்துவிட்டுக் கடவுச்சீட்டைக் கேட்டார். பாஸில் இருக்கும் பெயரும் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது அங்கே வழக்கம். அது எனக்கும் தெரியும், பெறாமகள் முதலே சொல்லித்தான் விட்டிருந்தாள். ஆனால் என் வாய் நிற்கவில்லை. “நான் சூரிச் போகிறேன், அருங்காட்சியகம் பார்க்க. எனது சகோதரி இங்கே இருக்கிறார். பின்னேரம் திரும்பிவிடுவேன்” என்று ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நல்லது, பயணம் இனிதாகட்டும்” என்று சொல்லிக் கடவுச்சீட்டைத் தந்துவிட்டு அடுத்த ஆசனத்துக்குப் போனார். அவர் என்னிடம் எதுவுமே கேட்டிருக்கவில்லை என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. 25 வருடங்களுக்கு முன்னர் அம்மா பாடமாக்கித் தந்த மூன்று விடைகளையும் நான் யாரும் கேட்காமலே ஒப்புவித்திருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

பேர்ணிலிருந்து சூரிச்சுக்கு 56 நிமிடம். ஏன் 56, ஒரு மணித்தியாலம் என்று வைத்தால் என்ன என்று நினைப்பீர்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1982 ஆம் ஆண்டிலிருந்து அந்த நாட்டில் ரயில்கள் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரே நிமிடத்தில் புறப்படும் முறை வந்தது. பெரிய நிலையங்களுக்கு எல்லாத் திசை ரயில்களும் மணி அடிப்பதற்குச் சற்று முன்னர் வந்து சேர்ந்து, மணி அடித்துச் சற்றுப் பின்னர் புறப்பட்டால், ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறலாம். அதற்கு இரண்டு நிலையங்களுக்கும் இடையிலான ஓட்டம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகவே புதிய பாதை போட்டு, 2004 மார்கழியில் அந்த 56 நிமிடத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அதே நிமிடம்தான். கடைசி பஸ் போய்விடுமே என்ற பயத்தில் கூட்டத்தின் நடுவில் எழுந்து ஓடும் பெண்களோடு வேலை செய்பவள் நான். வேகத்தை விட இந்த நிச்சயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இரண்டாம் நாள் ஜெனீவா. நிலையத்திலிருந்து 15 ஆம் இலக்க ட்ராம் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் வாசலுக்கே கொண்டுபோய் விடுகிறது. அதற்கும் அதே பாஸ்தான். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களைத் தூக்கிக்கொண்டு நின்ற சதுக்கம் அது. எத்தனையோ தரம் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். நான் போன அன்று அங்கே தமிழர் யாரும் இல்லை. பிள்ளைகள் தண்ணீர்த் தாரைகளுக்குள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் 12 மீற்றர் உயரமான மரக் கதிரை. அதன் ஒரு கால் முறிந்து பிளந்து நிற்கிறது. நிலக்கண்ணிவெடிகளுக்கு எதிராக 1997 இல் வைக்கப்பட்டது. டானியல் பெர்சே என்ற கலைஞரின் வேலை. எமது நாடு அந்தத் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 மார்கழியில்தான்.

அந்தக் கதிரையின் கீழ் நின்றபோது எனக்கு ஒரு சகோதரியின் நினைவு வந்தது. பெயர் வேண்டாம். மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலுடன் தையல் வகுப்புக்கு வருபவர். எமது பஸ்களின் முதற் படி எவ்வளவு உயரம் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு ஆண் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்ற வேண்டும். “அந்தத் தூக்கலுக்குப் பயந்துதான் அக்கா நான் கனநாள் வாறதில்லை” என்று ஒருநாள் சொன்னார். திரும்பும்போது ஜெனீவாவில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் தனியாக ட்ராமில் ஏறுவதைப் பார்த்தேன். மேடையும் ட்ராமின் தளமும் ஒரே மட்டம். ஒருவரும் கை கொடுக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. அங்கேயும் இது சும்மா வந்ததல்ல. 2004 இல் சட்டம் கொண்டுவந்து, 2023 முடிவதற்குள் நிலையங்களை மாற்றி முடிக்க வேண்டும் என்று 20 வருட அவகாசம் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் எல்லா நிலையங்களிலும் வேலை முடியவில்லை.

மூன்றாம் நாள் ஒரே மழை. அப்பன்செல் என்ற சிறிய ஊருக்குப் போய்ச் சதுக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். சமூகவியல் படித்த காலத்தில் கேள்விப்பட்ட இடம். சித்திரை மாதக் கடைசி ஞாயிறன்று ஊரே திறந்த வெளியில் கூடிக் கை உயர்த்தி வாக்களிக்கும். அந்தக் கைகளில் பெண்களின் கை சேர்ந்தது 1991 இல்தான். 1990 சித்திரையிலும் ஆண்கள் கூடி ‘வேண்டாம்’ என்றார்கள். அதே வருடம் கார்த்திகையில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் உரிமை வந்தது. நாடளாவிய வாக்குரிமையே அங்கே பெண்களுக்கு 1971 இல்தான் கிடைத்தது. இலங்கையில் எங்கள் பாட்டிமார் 1931 ஆம் ஆண்டிலேயே வாக்களித்தவர்கள். மழையில் நனைந்துகொண்டே இதை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். வாக்கு முதலில் வந்தது எங்களுக்கு. தனியாக ரயிலேறிச் சும்மா ஒரு ஊரைப் பார்த்து வருவது?

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அக்கா முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்கிறார். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்கு ரயிலில் பதினேழு நிமிடம். அதற்கு மாதாந்தப் பாஸ் வைத்திருக்கிறார். அத்தான் இருந்த காலத்தில் கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் காரில் போனார்கள். அத்தான் போனபின் காரும் போய்விட்டது. “இருபது வருசமா இந்தப் பதினேழு நிமிசம்தான் எனக்குச் சுவிஸ்” என்று அக்கா ஒருநாள் சமைத்துக்கொண்டே சொன்னார். கவலையாகச் சொல்லவில்லை. உப்புக் காணுமோ என்று கேட்பதுபோலச் சொன்னார்.

நான்காம் நாளுக்கு அக்காவும் என்னோடு வரவேண்டும் என்று நானும் பெறாமகளும் பிடிவாதம் பிடித்தோம். அங்கே வசிப்பவர்களுக்கும் ஒருநாள் அட்டை உண்டு. உள்ளூராட்சி அலுவலகத்தில் வாங்கலாம். பத்து நாட்களுக்கு முன்னரே எடுத்தால், அட்டைகள் மிஞ்சியிருந்தால், 52 பிராங்க். அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்கு 39. நாள் நெருங்கினால் விலை ஏறிவிடும். 2024 தையிலிருந்துதான் இந்த முறை. ஆகவே எனது பாஸ் தொடங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே அக்காவைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனோம். அக்கா நல்ல சட்டை போட்டு, அனுமதி அட்டை, சம்பளத் துண்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், அத்தானின் மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் கோவையில் போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் கருமபீடத்துக்கு அவர் முன்பு போனதெல்லாம் விசாவுக்கும் பதிவுக்கும்தான். அங்கிருந்த பெண் பெயரையும் திகதியையும் மட்டும் கேட்டு, காசை வாங்கி, அட்டையைத் தந்தார். வெளியே வந்த பிறகும் அக்கா கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு “இவ்வளவுதானோ?” என்றார்.

நான்காம் நாள் விடிய நாலு மணிக்கே அக்கா எழும்பிவிட்டார். பாணும் இடிச்ச சம்பலும், அவித்த முட்டையும், போத்தலில் தேத்தண்ணியும் கட்டினார். பேர்ணிலிருந்து லுசேர்னுக்கு ஒரு மணித்தியாலம். வழியில் தன் வேலைத்தலத்து நிலையம் இல்லாத பாதையில் ரயில் போகிறது என்பதே அக்காவுக்குப் புதினமாக இருந்தது. லுசேர்னில் நிலையத்தை விட்டு இறங்கினால் எதிரே ஏரி, ஏரிக்கரையில் கப்பல். அந்த ஏரியில் 1901 இல் கட்டிய ‘ஊரி’ என்ற நீராவிக் கப்பல் இன்றும் ஓடுகிறது. எங்களுக்குக் கிடைத்தது வேறு ஒரு சாதாரணக் கப்பல்தான். முதலில் அக்கா உள்ளே ஒரு மூலையில் இருந்தார். கரை கொஞ்சம் விலகியதும் தானாக எழுந்து வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கிளாலிக் கடலால வள்ளத்தில போனது ஞாபகம் வருது. அது இரவு” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு மணித்தியாலமளவில் விட்ஸ்னாவ் துறை. அங்கிருந்து ரிகி மலைக்கு ரயில். தண்டவாளங்களுக்கு நடுவில் பல்லுப் பல்லாக ஒரு இரும்புச் சட்டம். ரயிலின் அடியிலுள்ள பற்சில்லு அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. நிக்லவுஸ் ரிகன்பாக் என்பவர் அமைத்து 1871 இல் திறந்த பாதை. ஐரோப்பாவிலேயே முதலாவது மலை ரயில். எனது பாஸுக்கு அரைவிலை கூட இல்லை, முழுவதும் அடக்கம். அக்கா பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டு “பிள்ளையாரே” என்றார். மீதி வழியில் என்னைத் தள்ளிவிட்டு யன்னலோரம் வந்து இருந்தார்.

உச்சி 1,798 மீற்றர். நாங்கள் புல்லில் சால்வையை விரித்துப் பாணைச் சாப்பிட்டோம். கீழே ஏரி, சுற்றிலும் பனிமலை. எல்லாம் அழகுதான், அதை நான் வர்ணிக்கத் தேவையில்லை, படங்களில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதிக நேரம் பார்த்தது மலையை அல்ல, கிழவிகளை. அறுபது, எழுபது, எண்பது வயதுப் பெண்கள். முதுகில் சிறு பை, கையில் தடி. சிலர் இருவராக, பலர் தனியாக. ரயிலை விட்டு இறங்கி, சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குகிறார்கள். “இந்த மனிசி எண்பதுக்கு மேல. வேலைத்தலத்தில இப்பிடியான ஆக்களைத்தான் நான் கழுவித் துடைக்கிறன்” என்று அக்கா ஒருவரைக் காட்டினார்.

“நீங்கள் ஏன் அக்கா இவ்வளவு காலமும் ஒரு இடமும் போகேல்லை? காசோ?”

அக்கா நெடுநேரம் யோசித்தார். “காசும்தான். ஆனால் அது மட்டுமில்லை. வேலைக்குப் போறன் எண்டு சொல்லலாம். டொக்டரிட்டப் போறன், கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லலாம். சும்மா போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“ஆரிட்டச் சொல்லோணும்?”

“ஆர் கேட்டாலும்.”

“ஆர் கேக்கினம்?”

அக்கா பதில் சொல்லவில்லை. தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திருகித் திருகி மூடினார். முதல் நாள் பரிசோதகரிடம் நான் ஒப்புவித்ததை அப்போது அக்காவுக்குச் சொன்னேன். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். பிறகு அக்கா, “அந்தக் கண் காட்டப் போகேக்கை உனக்குப் பாடமாக்கினது அம்மா மட்டுமில்லை. முதல்நாள் இரவு நானும் சொல்லித் தந்தனான்” என்றார். நான் அதை மறந்திருந்தேன்.

கணவனை இழந்த பெண் வெளியே போனால் ஊர் என்ன சொல்லும் என்பதைப் பற்றி நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், அறிக்கைகளும் எழுதியிருக்கிறேன். என் சொந்த அக்கா, ஊரே இல்லாத ஊரில், நாலு தமிழ்க் குடும்பத்துக்கும் இல்லாத ஒரு சோதனைச்சாவடிக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருந்ததை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் திரும்பும்போது பேர்ணில் இறங்கி ஊர் ரயிலுக்கு மாற எட்டு நிமிடம் இருந்தது. அக்கா மேடைப் பலகையில் ஓடும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நின்றார். ஜெர்மன் எழுத்தை வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். எங்கள் ரயில் வந்துவிட்டது. அவரை இழுத்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது.

நான் நாடு திரும்பி மூன்று மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிளிநொச்சியில் வீட்டுத் தரிசிப்பு முடித்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. அக்கா. பின்னால் ரயில் ஓடும் சத்தம் கேட்டது. அன்று வேலை இல்லாத நாள் என்பது எனக்குத் தெரியும்.

“பிள்ளை, அரைக்கட்டண அட்டை எடுத்திட்டன்” என்றார்.

“எங்க அக்கா போறியள்?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“சும்மா” என்றார் அக்கா.

“இப்ப எங்க நிக்கிறியள்?”

“தெரியேல்லை. ஒரு ஆறு தெரியுது. பெயர்ப்பலகை வந்தால் வாசிச்சுச் சொல்லுறன், வைக்காதை.”

நான் வைக்கவில்லை. எனது பஸ் வந்து, நின்று, போயிற்று.